படகு போனால்தான் ஆறா?

பழைய நிரல்களை வாசிப்பதுதான் என் பிழைப்பு. புதிதாக எழுதுவதைவிட, எப்போதோ யாரோ எழுதிவிட்டுப் போனதைத் திறந்துவைத்துக்கொண்டு, இந்த வரி ஏன் இங்கே இருக்கிறது என்று மண்டையைச் சொறியும் நேரம்தான் அதிகம். இந்தத் தொழிலில் அடிக்கடி தட்டுப்படும் விஷயம் ஒன்று உண்டு. ஒரு வேரியபிளுக்கு முதலில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். போகப் போக அதன் வேலை மாறிவிடும், பெயர் மட்டும் பழையபடியே கிடக்கும். "மாத்தினா எங்கேயாவது உடையும், விட்டுடு" என்று ஆளாளுக்கு விட்டுவிடுவார்கள். பத்து வருஷம் கழித்துப் புதிதாக வரும் ஒருவர் அந்தப் பெயரை நம்பி ஒரு முடிவெடுப்பார். அன்றைக்குத்தான் எல்லாம் உடையும்.

அமெரிக்காவின் தூய நீர்ச் சட்டத்தையும் அதன்மேல் வந்த தீர்ப்புகளையும் சில மாதங்களாக வாசித்துவருகிறேன். 1972இல் வந்த சட்டம். அதன் நடுவில் இப்படி ஒரு பழைய பெயர் கிடக்கிறது. 'நேவிகபிள் வாட்டர்ஸ்', அதாவது கலம் செல்லத்தக்க நீர். எந்த ஆற்றை, எந்த ஓடையை, எந்தச் சதுப்பைக் கூட்டாட்சி அரசு மாசிலிருந்து காக்கலாம் என்பது இந்தச் சொல்லில் தொங்குகிறது. ஐம்பது வருஷமாக இந்தச் சொல்லுக்காக அமெரிக்கர்கள் அடித்துக்கொள்கிறார்கள். பல அதிபர்கள், நான்கு பெரிய உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், எழுதி எழுதிக் கிழித்த விதிகள் என்று நீளும் கதை இது. வெளியிலிருந்து பார்த்தால் வக்கீல்களின் சண்டை மாதிரி இருக்கும். உள்ளே போனால் ஒரே கேள்விதான்: தண்ணீரை யாருடைய கண்ணால் பார்ப்பது?

எரிந்த ஆறு

ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்து நகரத்தின் வழியாக கயஹோகா ஆறு ஓடி ஈரி ஏரியில் கலக்கிறது. 1969 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஆறு தீப்பிடித்தது. எண்ணெய்யும் குப்பையும் மிதந்துகொண்டிருந்த நீரின்மேல் தீப்பொறி விழுந்தது. அரைமணி நேரத்துக்குள் அணைத்துவிட்டார்கள். இரண்டு ரயில் பாலங்கள் சேதம், நஷ்டம் சுமார் 50,000 டாலர். உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய செய்தியே இல்லை. ஏனென்றால் அந்த ஆறு அதற்கு முன்பே பலமுறை எரிந்திருக்கிறது. 1912இல் எரிந்தபோது ஐந்து பேர் இறந்தார்கள்.

ஆகஸ்டில் டைம் பத்திரிகை இந்தத் தீயைப் பற்றி எழுதியது. கூடவே ஒரு படத்தையும் போட்டது: கரும்புகை சூழ்ந்த படகு, அதைச் சுற்றி நெருப்பு. அந்தப் படம் 1969இல் எடுத்ததே அல்ல, 1952 தீயின் படம். 1969இல் கேமரா வருவதற்குள் தீ அணைந்துவிட்டது. ஒரு பழைய படம் ஒரு புதிய சட்டத்துக்கு வழி திறந்த கதை இது.

நகரத்தின் மேயர் கார்ல் ஸ்டோக்ஸ், ஒரு பெரிய அமெரிக்க நகரத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின மேயர். தீப்பிடித்த மறுநாளே நிருபர்களைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரையைச் சுற்றிக் காட்டினார். கழிவை ஆற்றில் விட ஆலைகளுக்கு அனுமதி தருவது மாநில அரசு. நகரத்தின் கையில் பெரிதாக எதுவும் இல்லை. அன்றிருந்த முறையில், ஆறு கெட்டபிறகுதான் யாரால் கெட்டது என்று நிரூபிக்க வேண்டும். ஐம்பது குழாய் திறந்திருக்கும் ஆற்றில் எந்தக் குழாயின் அழுக்கு இது என்று எப்படி நிரூபிப்பது?

1972 சட்டம் இதைத் தலைகீழாக்கியது. ஆறு கெட்டதா இல்லையா என்ற கேள்வியே வேண்டாம். குழாயிலிருந்து, வடிகாலிலிருந்து, லாரியிலிருந்து, எதிலிருந்தாவது நீரில் மாசைக் கொட்ட வேண்டுமென்றால் முதலில் பெர்மிட் வாங்கு. பெர்மிட் இல்லாமல் கொட்டினால் குற்றம். மண்ணைக் கொட்டிச் சதுப்பை நிரப்பினாலும் அப்படியே. அதற்கான பெர்மிட்டைத் தருவது ராணுவப் பொறியாளர் படை. மற்றவற்றைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பார்த்துக்கொள்ளும்.

இந்தச் சட்டத்தின் பின்னால் இருந்த ஆள் செனட்டர் எட்மண்ட் மஸ்கி. போலந்திலிருந்து வந்த தையல்காரரின் மகன். அவர் வளர்ந்த ரம்ஃபோர்ட் ஊர், மெய்ன் மாநிலத்தில் ஆன்ட்ரோஸ்காகின் ஆற்றங்கரையில், காகித ஆலையின் நிழலில் இருந்தது. செனட்டில் சட்டம் முதலில் 86க்கு 0 என்று நிறைவேறியது. இன்றைய அமெரிக்காவில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாத எண்ணிக்கை. அதிபர் நிக்சன், செலவு 24 பில்லியன் டாலர், தாங்காது என்று 1972 அக்டோபர் 17இல் வீட்டோ செய்தார். மறுநாளைக்குள் இரண்டு அவைகளும் வீட்டோவை முறியடித்தன: செனட்டில் 52க்கு 12, கீழவையில் 247க்கு 23. 1985க்குள் நீரில் மாசு கொட்டுவதையே முழுமையாக நிறுத்துவது என்று சட்டம் இலக்கு வைத்தது. அந்த இலக்கு இன்னும் சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

படகின் கண்

சரி, மாசைத் தடுக்கும் சட்டத்தில் படகு எங்கிருந்து வந்தது?

அமெரிக்க அரசியல் சாசனத்தில் கூட்டாட்சி அரசுக்கு நீரின்மேல் நேரடி அதிகாரம் கிடையாது. நிலமும் நீரும் மாநிலங்களின் விஷயம். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் மட்டும் காங்கிரசுக்கு உண்டு. 1824இல் நியூயார்க் நீராவிப் படகு வழக்கில், வணிகம் என்றால் அதில் கப்பல் போக்குவரத்தும் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் கூட்டாட்சி அரசு ஆற்றுக்குள் இறங்கியது.

எது வரை இறங்கலாம்? 1871இல் ஒரு வழக்கு. 'டேனியல் பால்' என்பது 123 டன் சுமக்கும் நீராவிக் கப்பல். மிச்சிகனில் கிராண்ட் ஆற்றில் மட்டும் ஓடியது, மாநில எல்லையைத் தாண்டவே இல்லை. "எங்களுக்கு எதுக்குங்க கூட்டாட்சி லைசென்ஸ்?" என்பது கப்பல்காரர்களின் வாதம். நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த ஆறு மிச்சிகன் ஏரியில் கலக்கிறது, அதன் வழியே சரக்கு வெளி மாநிலங்களுக்குப் போகிறது, ஆகவே இது அமெரிக்காவின் கலம் செல்லத்தக்க நீர். நடைமுறையில் கலம் போகுமா என்பதுதான் சோதனை.

1899இல் வந்த ஆறுகள், துறைமுகங்கள் சட்டமும் இதே கண்ணால்தான் பார்த்தது. கலம் செல்லத்தக்க நீரில் குப்பை கொட்டக்கூடாது என்றது. ஆனால் தெருவிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் திரவமாக வந்து சேர்வதற்கு விலக்கு! ஏன்? சாக்கடைத் தண்ணீர் கப்பலைத் தடுக்காது. மரக்கட்டையும் மண்ணும்தான் தடுக்கும். மீனுக்கோ, குடிப்பவருக்கோ என்ன ஆகும் என்பது அந்தச் சட்டத்தின் கவலையே இல்லை.

கூட்டாட்சி அரசு தண்ணீரைப் பார்க்கக் கற்றுக்கொண்டது ஒரு மாலுமியின் கண்ணால். கலத்தின் அடிப்பாகத்துக்குக் கீழே எவ்வளவு ஆழம் இருக்கிறது என்று மட்டும் பார்க்கும் கண் அது.

அழிக்கப்படாத சொல்

1972இல் சட்டம் எழுதியவர்களுக்கு இது போதாது என்று தெரியும். தண்ணீர் மேலிருந்து கீழே போகும். படகு போகாத ஓடையில் கொட்டிய விஷம், படகு போகும் ஆற்றுக்கு நாளைக்கு வந்து சேரும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் வேண்டாம்.

அதனால் அவர்கள் செய்தது இது. சட்டம் முழுவதும் 'கலம் செல்லத்தக்க நீர்' என்ற பழைய சொல்லையே வைத்துக்கொண்டார்கள். அதற்கான வரையறையில் முதலில் 'அமெரிக்காவின் கலம் செல்லத்தக்க நீர்' என்றுதான் எழுதியிருந்தார்கள். இரு அவைகளின் கூட்டுக்குழு உட்கார்ந்து, வரையறையிலிருந்து மட்டும் 'கலம் செல்லத்தக்க' என்பதை எடுத்துவிட்டது. மிஞ்சியது: 'கலம் செல்லத்தக்க நீர் என்றால் அமெரிக்காவின் நீர்கள், கடலோர நீர் உட்பட.' அரசியல் சாசனம் எவ்வளவு தூரம் அனுமதிக்குமோ அவ்வளவு விரிவாக இதற்குப் பொருள் கொள்ள வேண்டும் என்று அறிக்கையிலும் எழுதிவைத்தார்கள்.

எனக்கு இந்த இடத்தில் சிரிப்பு வந்தது. எங்கள் தொழிலில் தினமும் செய்யும் காரியம் இது. வேரியபிளின் பெயரை மாற்றவில்லை, மதிப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். கலம் செல்லத்தக்க நீர் என்றால் கலம் செல்லத் தேவையில்லாத நீரும்தான்.

பெயரை ஏன் விட்டுவைத்தார்கள்? பழைய சொல்லுக்குப் பின்னால் நூற்றைம்பது வருஷத் தீர்ப்புகள் இருந்தன. அதை விட்டால் காங்கிரசுக்கு அதிகாரமே இல்லை என்று யாராவது கிளம்பலாம். அது ஒரு பாதுகாப்புக் கயிறு என்று நான் வாசிக்கிறேன். அதே கயிறு பின்னால் கழுத்தில் மாட்டியது.

முதல் சிக்கல் இரண்டே வருஷத்தில் வந்தது. பொறியாளர் படை 1974இல் ஒரு விதி போட்டது. தங்கள் அதிகாரம் பழைய அர்த்தத்தில் படகு போகும் நீர் வரைக்கும்தான் என்றது. 1975இல் வாஷிங்டனில் ஒரு நீதிமன்றம், இல்லை, காங்கிரஸ் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டிருக்கிறது, விதியை மாற்று என்றது. 1977இல் காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தியபோது, இந்த நீர்களுக்கு 'அருகிலுள்ள ஈரநிலங்கள்' என்ற தொடரையும் ஓர் உட்பிரிவில் சேர்த்தது. இந்தத் தொடரையும் நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

ஈரநிலம் ஏன் முக்கியம்? 1850இல் போட்ட சட்டம் ஒன்று சதுப்பு நிலங்களை மாநிலங்களுக்குச் சும்மா கொடுத்தது, வடித்துப் பயிர் வைக்கச் சொல்லி. சதுப்பு என்றால் கொசு, காய்ச்சல், வீணான நிலம். இன்றைய 48 மாநிலப் பரப்பில் 1780களில் இருந்த ஈரநிலத்தில் பாதிக்கு மேல் 1980களுக்குள் காணாமல் போனது. வெள்ளத்தைப் பிடித்துவைத்து, அழுக்கை வடிகட்டி, கோடையில் ஆற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது அந்த 'வீணான' நிலம்தான் என்று தெரிந்தபோது பாதி போய்விட்டிருந்தது.

ஒன்றும் செய்யாத சொல் வேலை செய்யத் தொடங்குகிறது

1985இல் உச்ச நீதிமன்றம் 9க்கு 0 என்று அரசின் பக்கம் நின்றது. மிச்சிகனில் செயின்ட் கிளேர் ஏரிக்கருகே வீடு கட்டும் நிறுவனம் ஒன்று சதுப்பை நிரப்பிய வழக்கு அது. நீர் எங்கே முடிகிறது, நிலம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போடுவது லேசான வேலை இல்லை என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். 'நேவிகபிள்' என்ற சொல்லுக்கு இந்தச் சட்டத்தில் பெரிய முக்கியத்துவம் கிடையாது என்றும் சொன்னார்கள்.

2001இல் காற்று மாறியது. சிகாகோவின் புறநகர்கள் 23 சேர்ந்து குப்பைக் கிடங்கு அமைக்க இடம் தேடின. கைவிடப்பட்ட பழைய மணல், சரளைக் குவாரி ஒன்று கிடைத்தது. தோண்டிய பள்ளங்களில் மழைநீர் தேங்கிக் குளங்களாகியிருந்தன. 121 வகைப் பறவைகள் அங்கே பதிவாகியிருந்தன. மாநிலம் விட்டு மாநிலம் வலசை போகும் பறவைகள் இறங்கும் நீர் கூட்டாட்சி அதிகாரத்தில் வரும் என்பது பொறியாளர் படையின் வாதம். 5க்கு 4 என்று நீதிமன்றம் அதை நிராகரித்தது. தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட் சொன்னதன் சாரம்: ஒரு சொல்லுக்குக் குறைந்த பலன் தருவது வேறு, பலனே இல்லாமல் ஆக்குவது வேறு.

பாருங்கள், முப்பது வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த சொல் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

2006இல் வந்தது ரப்பானோஸ் வழக்கு. மிச்சிகனில் ஜான் ரப்பானோஸ் என்பவர் தன் ஈரநிலங்களை மண்ணடித்து நிரப்பினார். படகு போகும் நீர் அங்கிருந்து 11 முதல் 20 மைல் தூரத்தில் இருந்தது. சிறைத்தண்டனை வரை பேசப்பட்ட வழக்கு. தீர்ப்பு 4-1-4 என்று உடைந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை.

நீதிபதி ஸ்காலியா 1954ஆம் வருஷப் பதிப்பு வெப்ஸ்டர் அகராதியைத் திறந்தார். நீர் என்றால் ஆறு, ஏரி, கடல் மாதிரி ஓரளவு நிரந்தரமாக நிற்பதோ ஓடுவதோதான் என்றார். எப்போதாவது ஓடும் ஓடை நீரல்ல. அவர் எழுதியதில் நியாயமான ஒரு பகுதியும் உண்டு: ஒரு தனி பெர்மிட்டுக்குச் சராசரியாக 788 நாளும் 2,71,596 டாலரும் ஆகிறது என்று ஓர் ஆய்வைச் சுட்டினார். சொந்த நிலத்தில் மண் கொட்ட இரண்டு வருஷமும் இரண்டே முக்கால் லட்சம் டாலரும் என்றால் யாருக்கும் கோபம் வரும்.

நீதிபதி கென்னடி தனியாக நின்றார். படகு போகும் நீரோடு குறிப்பிடத்தக்க தொடர்பு இருந்தால் போதும் என்பது அவர் சோதனை. ஸ்காலியாவுக்கு அவர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. நிற்காமல் சொட்டும் துளி நீராம், எப்போதாவது சீறிப் பாயும் வெள்ளம் நீரில்லையாம். உதாரணமாக அவர் காட்டியது லாஸ் ஏஞ்சலஸ் ஆறு. பெரும்பாலான நாட்களில் காய்ந்த ரோடு மாதிரி கிடக்கும், வெள்ளம் வந்தால் ஊரை அடித்துக்கொண்டு போகும். அதனால்தான் சுமார் ஐம்பது மைலுக்குக் கான்கிரீட் போட்டு அடைத்திருக்கிறார்கள்.

ஆறு என்று நிரூபிக்க ஒரு படகுப் பயணம்

கென்னடி சொன்ன அதே ஆற்றுக்கு இரண்டு வருஷத்தில் சோதனை வந்தது. 2008இல் பொறியாளர் படை, லாஸ் ஏஞ்சலஸ் ஆற்றின் 51 மைலில் சில மைல்கள் மட்டுமே கலம் செல்லத்தக்கவை என்று முடிவு செய்தது. அது நிலைத்தால் ஆற்றில் சேரும் மலையோடைகள் பலவற்றின் பாதுகாப்பும் ஆட்டம் காணும்.

அந்த ஜூலையில் ஜார்ஜ் வுல்ஃப் என்பவர் தலைமையில் சிலர் கயாக் படகுகளை எடுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினார்கள். மூன்று நாள். கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே, ஷாப்பிங் டிராலிகளைத் தாண்டி, நீர் போதாத இடத்தில் படகைத் தூக்கிக்கொண்டு கடல் வரைக்கும் போனார்கள். உடன் போனவர்களில் ஒருவர் ஹெதர் வைலி, பொறியாளர் படையிலேயே வேலை பார்த்த உயிரியலாளர். தன் அலுவலகத்தின் முடிவு தவறு என்று துடுப்பால் காட்டினார். அதற்காக அவர் மீது பணியிடை நீக்க நடவடிக்கை தொடங்கியது.

2010 ஜூலையில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 51 மைலையும் கலம் செல்லத்தக்க நீர் என்று அறிவித்தது.

இதை வீரக்கதையாகச் சொல்லலாம், தப்பில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஓர் ஆறு தன்னை ஆறு என்று நிரூபிக்க ஒரு படகு தேவைப்பட்டது. அதே சமயம், எந்தத் துடுப்பும் நுழைய முடியாத ஆயிரக்கணக்கான ஓடைகளுக்கு இந்த வழி இல்லை.

சொல்லை எடுக்கும் மசோதா

சட்டத்தைத் திருத்திவிட்டால் போச்சே என்று தோன்றும். முயன்றார்கள். 2007இல் செனட்டர் ரஸ் ஃபைன்கோல்டும் கீழவையில் ஜேம்ஸ் ஓபர்ஸ்டாரும் மசோதா கொண்டுவந்தார்கள். சட்டம் முழுக்க 'கலம் செல்லத்தக்க நீர்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'அமெரிக்காவின் நீர்கள்' என்று போட்டுவிடுவதுதான் அதன் சாரம். என் தொழிலில் இதற்கு ஒரு கட்டளை போதும், தேடு, மாற்று.

எதிர்ப்பு பிய்த்துக்கொண்டு கிளம்பியது. விவசாயச் சங்கங்கள், வீடு கட்டும் நிறுவனங்கள், மேற்கு மாநிலங்கள் எல்லாம் ஒரே குரலில் பேசின: இந்தச் சொல்லை எடுத்தால் கொல்லைப்புறக் குட்டையிலிருந்து வயல் வாய்க்கால் வரை வாஷிங்டன் கையில் போய்விடும். பொருளே இல்லாத சொல் என்று ஒரு தரப்பு இத்தனை நாள் சொல்லிவந்த சொல்லை எடுக்க இன்னொரு தரப்பு விடவில்லை. 2009இல் செனட் குழுவைத் தாண்டியது, அவைக்கு வாக்கெடுப்புக்கு வரவில்லை. 2010 தேர்தலில் ஃபைன்கோல்டும் ஓபர்ஸ்டாரும் தோற்றார்கள்.

விவசாயிகளின் பயத்தை நான் சும்மா தள்ளிவிடத் தயாரில்லை. சாதாரண உழவுக்கும் விதைப்புக்கும் சட்டத்திலேயே விலக்கு இருக்கிறது. ஆனால் விலக்கு எங்கே முடிகிறது என்று அதிகாரி வந்து சொல்லும்வரை தெரியாது என்றால், அந்த நிச்சயமின்மையே ஒரு தண்டனைதான்.

காங்கிரஸ் கைவிட்டதும் வேலை அதிபர்களிடம் வந்தது. முகமையின் விஞ்ஞானிகள் 1,200க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளைப் பரிசீலித்து, சிற்றோடைகளும் ஈரநிலங்களும் பெரிய ஆறுகளோடு எப்படி இணைந்திருக்கின்றன என்று ஓர் அறிக்கை தயாரித்தார்கள். அதை வைத்து 2015இல் ஒபாமா அரசு ஒரு விதி போட்டது. ட்ரம்ப் அரசு 2019இல் அதை ரத்து செய்து 2020இல் குறுகிய விதி போட்டது. 2021இல் அரிசோனா நீதிமன்றம் ஒன்று அதை ரத்து செய்தது. 2023 ஜனவரியில் பைடன் அரசு புதிதாக ஒன்று. நடுநடுவே தடையுத்தரவுகள். ஒரு கட்டத்தில் ஏறக்குறைய பாதி மாநிலங்களில் ஒரு விதி, மீதியில் இன்னொன்று. மாநில எல்லையைத் தாண்டும் ஓடை, அந்தப் பக்கம் போனதும் வேறு சட்டத்துக்குள் விழுந்தது.

பக்கத்து வீடும் ஒட்டிய வீடும்

ஐடஹோவில் பிரீஸ்ட் ஏரி. அதனருகே 2004இல் சாக்கெட் தம்பதி முக்கால் ஏக்கருக்கும் குறைவான மனை ஒன்று வாங்கினார்கள். 2007இல் வீடு கட்ட மண் கொட்டினார்கள். இது ஈரநிலம், மண்ணை எடு, இல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 40,000 டாலருக்கு மேல் அபராதம் என்று முகமை உத்தரவிட்டது. ஏரி சுமார் 300 அடி தூரம், நடுவில் வேறு வீடுகள். எதிர்ப்பக்கம் ரோட்டைத் தாண்டி ஒரு சதுப்பு, அதிலிருந்து ஒரு வடிகால், அது ஓர் ஓடையில் சேர்ந்து ஏரிக்குப் போகிறது.

2022 அக்டோபரில் நடந்த வாதத்தின் ஒலிப்பதிவு பொதுவெளியில் கிடைக்கிறது. நீதிபதி கோர்சச் அரசு வக்கீலிடம் விடாமல் கேட்கிறார்: எவ்வளவு தூரம் வரை அருகில்? மூன்று மைலா? இரண்டா? ஒன்றா? வக்கீலால் ஓர் எண் சொல்ல முடியவில்லை. ஒரு நிலத்துக்காரர் எந்த எண்ணை நம்பி வீடு கட்டுவார் என்று எனக்கும் தோன்றியது.

2023 மே 25இல் தீர்ப்பு. சாக்கெட் மனை சட்டத்துக்குள் வராது என்பதில் ஒன்பது பேரும் ஒருமனம். ஏன் வராது என்பதில் 5க்கு 4 என்று பிரிந்தார்கள். நீதிபதி அலிட்டோ எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பு கென்னடியின் சோதனையைத் தூக்கிப்போட்டது. இனி நிரந்தரமான நீரோடு ஈரநிலம் மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்திருக்க வேண்டும், நீர் எங்கே முடிந்து சதுப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லக் கடினமாக இருக்க வேண்டும்.

இங்கேதான் 1977இன் 'அருகிலுள்ள' என்ற சொல் திரும்பி வருகிறது. அருகில் என்றால் ஒட்டிக்கொண்டு என்று பெரும்பான்மை பொருள் கொண்டது. கன்சர்வேட்டிவ் நீதிபதியான கவனாவே இதை மறுத்தார். பக்கத்து வீட்டுக்கும் சுவரொட்டிய வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் உண்டா? நடுவில் ஒரு சந்து இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை என்று ஆகிவிடுமா? 45 வருஷமாக எட்டு அதிபர்களின் அரசுகளும் ஒத்துக்கொண்ட பொருள் இது என்றார் அவர். மிசிசிப்பி ஆற்றில் வெள்ளத்தடுப்புக் கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சதுப்புகள் இனி என்னவாகும் என்றும் கேட்டார். கரை கட்டியது நாம், கரை கட்டியதால் சதுப்பு ஆற்றுக்குச் சொந்தமில்லாமல் போகிறது.

நீதிபதி தாமஸ், கோர்சச்சோடு சேர்ந்து, தனியாக எழுதினார். 'நேவிகபிள்' என்ற சொல்லுக்கு அதன் முழுப் பொருளையும் திரும்பத் தர வேண்டும், கூட்டாட்சி அதிகாரம் வணிகத்துக்கான நீர்வழிகள் வரைக்கும்தான் என்பது அவர் வாதம். 1972இல் வரையறையிலிருந்து எடுத்த சொல்லை, தலைப்பில் விட்டுவைத்த காரணத்தால், 2023இல் ஒரு நீதிபதி திரும்பவும் உள்ளே வைக்கச் சொல்கிறார். வேரியபிளின் பெயரை நம்பியவர் வந்துவிட்டார்.

காயும் ஆறுகள்

இதில் யாருக்கு நஷ்டம்? அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்க ஓடைகளில் சுமார் 59 சதவீதம் வருஷம் முழுக்க ஓடாதவை. வறண்ட தென்மேற்கில் 81 சதவீதத்துக்கு மேல். அரிசோனாவில் மட்டும் 94. அங்கே இவற்றை 'அரோயோ' என்றோ 'வாஷ்' என்றோ சொல்வார்கள். நம் ஊரில் காட்டாறு என்கிறோமே, அதுதான். மணல் காய்ந்து கிடக்கும், மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் மரத்தை உருட்டிக்கொண்டு வரும்.

2024இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. மழைக்கு மட்டும் ஓடும் ஓடைகளிலிருந்து கிளம்பும் நீர், அமெரிக்காவின் ஆற்று அமைப்புகள் வெளியே கொண்டுசெல்லும் நீரில் சராசரியாக 55 சதவீதம். பாதிக்கு மேல்! தலைமடை ஓடைகளையும் இப்படி இடைவிட்டு ஓடும் ஓடைகளையும் ஓரளவாவது நம்பியிருக்கும் குடிநீர்த் திட்டங்களில் சுமார் 11.7 கோடிப் பேர் தண்ணீர் குடிக்கிறார்கள் என்பது முகமையின் பழைய கணக்கு.

வேறு விதமாகவும் சட்டம் எழுத முடியும். இந்தியாவின் 1974 நீர் மாசுத் தடுப்புச் சட்டம் நீரோட்டம் என்பதற்குத் தரும் வரையறையில், ஓடிக்கொண்டிருந்தாலும் தற்போதைக்கு வறண்டிருந்தாலும் அது நீர்வழிதான் என்று எழுதியிருக்கிறது. நிலத்தடி நீரும் அதில் அடக்கம். காயும் ஆறுகளோடு வாழ்ந்தவர்கள் எழுதிய வரி என்று நினைத்துக்கொள்கிறேன். வரையறை இருந்தும் நொய்யல் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும், அது வேறு கதை. நல்ல வரையறை ஆற்றைக் காப்பாற்றிவிடாது. ஆனால் வரையறையே இல்லாத இடத்தில் ஆற்றுக்காக வழக்குப் போடக்கூட வழியில்லை.

தீர்ப்புக்குப் பிறகு அமெரிக்காவில் சில மாநிலங்கள் விழித்துக்கொண்டன. கொலராடோ 2024இல் சொந்தச் சட்டம் போட்டது, நியூ மெக்சிகோ 2025இல். பல மாநிலங்கள் எதிர்த்திசையில், கூட்டாட்சி வரம்பைத் தாண்டி நாங்கள் எதையும் காக்கமாட்டோம் என்று ஏற்கெனவே சட்டம் வைத்திருக்கின்றன. ஆறு மாநில எல்லையைப் பார்த்து ஓடுவதில்லை என்பதால்தான் 1972இல் தேசத்துக்கு ஒரே சட்டம் வேண்டும் என்றார்கள். இப்போது மேல்மடை ஒரு மாநிலம், கீழ்மடை ஒரு மாநிலம் என்று பழைய இடத்துக்கே வந்து நிற்கிறது.

2025 நவம்பரில் வெளியிட்ட வரைவு விதி, குறைந்தது ஈரப் பருவத்திலாவது தொடர்ந்து ஓடும் ஓடைகளைத்தான் நிரந்தர நீர் என்று கணக்கில் எடுக்கிறது. மழைக்கு மட்டும் ஓடுபவை வெளியே. அரிசோனாவில் கோடைமழை இறங்கும்போது ஓர் அரோயோவில் வெள்ளம் போகும். கரையில் கொட்டிவைத்த சுரங்கக் கழிவோ பண்ணைக் கழிவோ எது இருந்தாலும் அதை எடுத்துக்கொண்டு, கீழே படகு போகும் ஆற்றுக்குப் போய்ச் சேரும். சேர்ந்த பிறகு அது சட்டப்படி நீர். அதற்கு முன்னால் வந்த வழியெல்லாம் வெறும் மணல். தண்ணீர் அசுத்தமாகும் இடம் அந்த மணல்தான், அங்கே பெர்மிட் கேட்க இனி ஆளில்லை.

'கலம் செல்லத்தக்க' என்பதை எடுத்துவிட்டு, அந்த மணலையும் சேர்த்து எழுத காங்கிரசால் எந்த நாளும் முடியும். நிலத்துக்காரருக்கும் எல்லை எதுவென்று அன்றைக்குத்தான் தெரியும். 2010க்குப் பிறகு எந்த மசோதாவும் அந்தத் தூரம் போகவில்லை.